மறைவில் எழுந்த குரல்

மதுரை மாநகரின் தென்பால், அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது வில்லாபுரம். இன்று அது வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதி. நான் சிறுவனாக இருந்த 1960களில், பாதி நகரமாகவும் பாதி சிற்றூராகவும் அது விளங்கியது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் வானொலிப் பெட்டி இருந்தது. மாலை மங்கியதும் அவ்வீட்டுத் திண்ணையில் அண்டை அயலார் வந்து கூடுவர். அந்நாளில் மதுரைக்கென்று தனி நிலையம் கிடையாது. அது வந்தது 1987ஆம் ஆண்டில்தான். ஆகவே திருச்சி நிலையத்தையே நாங்கள் கேட்டு வந்தோம்.

அத்திண்ணையில் நெல் விலை குறித்தும் மழை குறித்தும் அரசியல் குறித்தும் ஓயாத வழக்குகள் நடைபெறும். ஒருவர் ஒன்று சொல்வார். மற்றவர் அதை மறுப்பார். முடிவில் யாரேனும், "வானொலியிலேயே சொல்லிவிட்டார்கள்" என்பார். அத்துடன் வழக்கு முடிந்துவிடும். கண்ணால் காணாத ஒருவர், எங்கோ ஓர் அறையில் அமர்ந்து பேசும் பேச்சுக்கு இத்துணை மதிப்பு எங்ஙனம் வந்தது என்று நான் அன்று எண்ணிப் பார்த்ததில்லை. ஆசிரியனாகிப் பல்லாண்டு கழிந்த பின்னரே அவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடிய வேளையில் எனக்குத் துணை நின்ற வரலாறு ஒன்று உண்டு. வானொலியில் பேசியதற்காகச் சிறை சென்ற ஒரு பெண்மணியின் வரலாறு அது. அவர் பெயர் உஷா மேத்தா.

உஷா அம்மையார் 1920ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், குஜராத்தில் சூரத்து நகருக்கு அண்மையில் உள்ள சரஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆங்கில ஆட்சியில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அரசாங்க ஊழியரின் இல்லத்தில் விடுதலைப் பேச்சுக்கு இடமேது? எனினும் இளமையிலேயே காந்தியடிகளைக் காணும் பேறு அக்குழந்தைக்கு வாய்த்தது. அவ்வூருக்கு அருகில் அடிகள் நடத்திய முகாமில் அவர் கலந்துகொண்டார். அடிகளின் சொற்களைக் கேட்டார். இராட்டையில் நூல் நூற்றார்.

1928ஆம் ஆண்டில் சைமன் குழு இந்தியாவுக்கு வந்தது. இந்நாட்டின் அரசியலமைப்பைப் பற்றி முடிவு கூற வந்த அக்குழுவில் இந்தியர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. 'சைமனே, திரும்பிப் போ' என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. எட்டு வயதுச் சிறுமியாகிய உஷாவும் அம்முழக்கத்தை எழுப்பிச் சென்ற குழந்தைகளுள் ஒருவர். ஊர்வலம் ஒன்றில் கொடி ஏந்திச் சென்ற சிறுமியைப் போலீசார் தள்ளவே, அவள் கொடியோடு கீழே விழுந்தாள். குழந்தைகள் பெற்றோரிடம் சென்று முறையிட்டனர். கொடியின் நிறங்களிலேயே அவர்களுக்கு உடைகள் தைக்கப்பட்டன. மறுபடியும் அவர்கள் தெருவில் இறங்கியபோது, ஒவ்வொரு குழந்தையும் ஒரு கொடியாக நடந்தது. கையிலுள்ள கொடியைப் பறிக்கலாம். உடுத்த உடையைப் பறிக்க இயலுமோ?

தந்தையார் 1930இல் பணியினின்று ஓய்வு பெற்றார். இரண்டாண்டுகளில் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. உஷா அங்குப் பள்ளிப் படிப்பை முடித்து, வில்சன் கல்லூரியில் மெய்ப்பொருளியல் பயின்று, 1939இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டக் கல்வியைத் தொடங்கினார். அதை அவர் முடிக்கவில்லை. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் குறுக்கே வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், பம்பாயில் கோவாலியாக் குளத்து மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன்னரே காந்தியடிகளும் ஏனைய தலைவர்களும் சிறைப்படுத்தப்பட்டனர். தலைவர்கள் இல்லை, அவர்களுடைய சொற்களை ஏந்திச் செல்லும் பத்திரிகைகளும் அடக்கப்பட்டன. அடிகளின் 'ஹரிஜன்' நின்றது. இலட்சுமணபுரியிலிருந்து வெளிவந்த 'நேஷனல் ஹெரால்டு' இதழும் மூடப்பட்டது. எஞ்சிய தாள்கள் தணிக்கையாளர் விட்டுவைத்ததை மட்டுமே அச்சிட்டன. வானொலியோ முற்றிலும் அரசாங்கத்தின் கையில் இருந்தது. நம் தமிழகத்தில் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப் பெற்றிருந்தன. அவையும் அந்நாளைய அரசாங்கம் சொல்ல விரும்பியதைத்தான் சொல்ல முடியும்.

இந்நிலையை நீங்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பீகாரில் நடப்பது பம்பாய்க்குத் தெரியாது. மதுரையில் நடப்பது மறு மாவட்டத்திற்கும் தெரியாது. தடியடியினும் கொடியது இவ்வறியாமை. தடியடி உடலைத்தான் தாக்கும். நாம் தனித்து விடப்பட்டோம் என்னும் எண்ணமோ உள்ளத்தையே வீழ்த்திவிடும். பத்திரிகையின் வாய் கட்டப்பட்டபோது, மக்களுக்கு உண்மையைச் சொல்ல வேறு வாய் வேண்டும் என்று உஷாவும் அவருடைய இளந் தோழர்களும் கருதினர். அந்த வாய்தான் வானொலி.

எண்ணம் எளிது, செயல் அரிது. முதலில் பணம் வேண்டும். உறவினராகிய பெண்மணி ஒருவர் தம் அணிகலன்களையே கொடுக்க முன்வந்தார். அவற்றை வாங்கிக்கொள்ள இவர்களுக்கு மனம் வரவில்லை. பாபுபாய் காக்கர் என்னும் தோழர் பணம் திரட்டும் பொறுப்பை ஏற்றார். விட்டல்தாஸ் ஜாவேரி, சந்திரகாந்த் ஜாவேரி ஆகியோர் உடன் நின்றனர். காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்து புகழ்பெற்ற சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானியும் இம்முயற்சியில் தொடர்பு கொண்டிருந்தார். தலைமறைவாக இருந்த டாக்டர் ராம் மனோகர் லோகியா இவர்களுக்கு வழிகாட்டியானார். வானொலி நுட்பம் அறிந்த ஒருவரைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி ஒன்றை அமைத்தனர். போர்க்காலமாதலின், உரிமம் இன்றி அத்தகைய கருவியை வைத்திருத்தலே பெருங் குற்றமாக இருந்தது.

1942 ஆகஸ்டு 27ஆம் நாள், பம்பாய்ச் சௌபாத்திக் கடற்கரையை ஒட்டிய கட்டடம் ஒன்றிலிருந்து முதல் ஒலிபரப்பு எழுந்தது. இது காங்கிரஸ் வானொலி என்றும், 42.34 மீட்டர் அலைநீளத்தில் இந்தியாவின் ஏதோ ஓர் இடத்திலிருந்து பேசுகிறது என்றும் அக்குரல் தன்னை அறிவித்துக்கொண்டது. அறிவித்தவர் இருபத்திரண்டு வயது நிரம்பிய உஷா மேத்தா.

இவ்விடத்தில் அந்த 42.34 மீட்டர் என்பதன் பொருளைச் சிறிது விளக்குதல் நலம். அதை அறிந்தால்தான் அவர்கள் மேற்கொண்ட இடரின் அளவு உங்களுக்கு விளங்கும்.

குளத்தில் கல்லை எறிந்தால் நீரில் அலைகள் தோன்றுகின்றன. ஓர் அலை முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே உள்ள தொலைவே அலைநீளம். வானொலி அலைகளுக்கும் இவ்வாறே நீளம் உண்டு. ஆனால் அவை நீரில் அல்ல, வெளியில் பரவுவன; ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் வேகத்தில் செல்வன. அந்த 30 கோடியை 42.34 ஆல் வகுத்துப் பாருங்கள்; ஏறத்தாழ 70 இலட்சத்து 85 ஆயிரம் வரும். நொடிக்கு அத்தனை முறை அதிரும் அலை அது. இத்தகைய அலைகளுக்குச் சிற்றலை என்று பெயர். சிற்றலைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பூமிக்கு மேலே மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று இருக்கின்றது. அயனி மண்டலம் என்று அதனைக் கூறுவர். சிற்றலை அதை எட்டியதும், சுவரில் எறிந்த பந்தைப் போல மீண்டும் நிலத்தை நோக்கித் திரும்புகின்றது. ஆதலின் சிறிய கருவியிலிருந்து எழும் அலையும் பன்னூறு கல் தொலைவுக்குச் சென்று சேரும். பம்பாயின் ஒரு மாடியறையில் பேசிய பேச்சு வெளி மாகாணங்களிலும் கேட்கக்கூடிய தாயிற்று.

ஆனால் இதே அலைதான் அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் வல்லது. கேட்பவனுக்கு எட்டும் அலை, தேடுபவனுக்கும் எட்டும் அன்றோ? வட்டமாகச் சுற்றிய கம்பிச் சுருளை வானொலிப் பெட்டியோடு இணைத்து, அதை மெல்லத் திருப்பினால் ஒலி ஒரு திசையில் ஓங்கும். வேறொரு திசையில் ஒடுங்கும். அதைக்கொண்டு அலை வரும் திசையை அறியலாம். ஓரிடத்திலிருந்து திசை மட்டுமே தெரியும்; தொலைவு தெரியாது. இரண்டிடங்களிலிருந்து பார்த்தால் இடமே தெரிந்துவிடும். நம் மதுரையையே எடுத்துக்கொள்வோம். வில்லாபுரத்தில் நிற்கும் மாணவன் மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். திருப்பரங்குன்றத்து மலைமேல் நிற்கும் மற்றொருவனும் அதே கோபுரத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். நகரப் படத்தில் இவ்விரு திசைகளையும் கோடுகளாக வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் கோபுரம் இருக்கும். வடிவ கணிதம் கற்கும் உங்களுக்கு இது எளிய கணக்கு. பம்பாய்ப் போலீசார் இக்கணக்கைத்தான் வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போட்டுப் பார்த்தனர்.

ஆதலால் ஒலிபரப்பு நிலையம் ஓரிடத்தில் நிலைத்திருத்தல் இயலாதாயிற்று. கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு விட்டு வீடு மாறினர். பேச்சுகளை ஓரிடத்தில் இசைத்தட்டில் பதிவு செய்வர். வேறோரிடத்திலிருந்து அதை ஒலிபரப்புவர். ஓரிடம் பிடிபட்டாலும் மற்றோரிடம் தப்பும் என்பது கருத்து. நாடெங்கிலுமிருந்து தூதர்கள் செய்திகளைக் கொணர்ந்தனர். பம்பாயில் மறைவாக இயங்கிய காங்கிரஸ் அலுவலகமும் செய்திகளைத் தந்தது. 'ஹிந்துஸ்தான் ஹமாரா' என்னும் பாட்டோடு நிகழ்ச்சி தொடங்கும். 'வந்தே மாதர'த்தோடு முடியும். இடையே ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்திகளும் உரைகளும் இடம்பெறும். லோகியாவும் அச்சுத பட்டவர்த்தனரும் பேசினர்.

அவர்கள் சொன்ன செய்திகள் யாவை? சிட்டகாங்கில் குண்டு விழுந்த செய்தியைச் சொன்னார்கள். ஜாம்ஷெட்பூர் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தைச் சொன்னார்கள். நடு மாகாணத்தில் சிமூர், ஆஷ்டி என்னும் ஊர்களில் மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளைச் சொன்னார்கள். அச்சிடப் பத்திரிகைகள் அஞ்சிய இச்செய்திகளை, அஞ்சாது சொல்ல ஒரு குரல் இருந்தது. அக்குரலைக் கேட்ட சிற்றூர் மனிதன், தான் தனித்தவன் அல்லன் என்று அறிந்தான். மூன்று திங்களுக்கும் குறைந்த காலமே இயங்கிய சிறு நிலையம் ஆற்றிய பெருந்தொண்டு அதுவே.

1942 நவம்பர் 12ஆம் நாள் முடிவு வந்தது. கருவியை அமைத்துத் தந்த நுட்ப வல்லுநர் போலீசாரிடம் அகப்பட்டு, அவர்களுக்கு வழிகாட்டிவிட்டார். சோதனைகள் தொடங்கிய செய்தி உஷாவின் காதுக்கும் எட்டியது. அவர் தப்பி ஓடியிருக்கலாம். அன்றிரவு ஒலிபரப்பு நின்றுவிட்டால் கேட்போர் உள்ளம் தளரும் என்று எண்ணியவராய், அவர் நிலையத்திற்கே சென்றார். சந்திரகாந்த் ஜாவேரி துணையாக உடன் வந்தார். கிர்காம் பகுதியில் பாரேக்வாடிக் கட்டடத்தில் அன்றைய நிகழ்ச்சி நடந்து, இறுதியில் 'வந்தே மாதரம்' ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த வேளையில் பெரும் போலீஸ் படை கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. இசைத்தட்டை நிறுத்துமாறு அதிகாரி ஆணையிட்டார். நிறுத்த மாட்டேன் என்றார் உஷா.

ஆகஸ்டு 27 முதல் நவம்பர் 12 வரை எண்ணினால் 78 நாட்கள். அக்குரல் ஒலித்தது அவ்வளவே. ஆயினும் உஷா அம்மையாரின் பெருமை முழுவதும் இந்த 78 நாட்களுள் அடங்கிவிடுவதாக நான் கருதவில்லை. இதன் பிறகு நிகழ்ந்ததையே நீங்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

அவரைச் சிறைப்படுத்தியபின், துப்பறியும் போலீசார் ஆறு திங்கள் தொடர்ந்து வினவினர். தனிமையில் அடைத்தனர். தோழர்களின் பெயர்களைச் சொன்னால் வெளிநாட்டில் உயர்கல்வி கற்க வழி செய்வதாக ஆசையும் காட்டினர். பேச்சினால் நாட்டை எழுப்பிய அப்பெண், இப்போது வாய் திறக்கவில்லை. வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, கேள்விகளுக்கு விடை கூறியே ஆகவேண்டுமா என்று நீதிபதியை வினவினார். கட்டாயம் இல்லை என்று நீதிபதி கூறவே, எவ்வினாவுக்கும் தாம் விடையளிக்கப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டார். தம்மைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய வினாக்களுக்கும் அவர் விடை கூறவில்லை. 1943இல் தீர்ப்பு வந்தது. பாபுபாய் காக்கருக்கு ஐந்தாண்டும், உஷாவுக்கு நான்காண்டும், சந்திரகாந்துக்கு ஓராண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விட்டல்தாஸ் ஜாவேரியும் மோட்வானியும் விடுதலையாயினர்.

எரவாடாச் சிறையில் உஷாவின் உடல்நலம் குன்றியது. பம்பாய் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோதும் இரவு பகலாகக் காவல் இருந்தது. 1946 மார்ச்சுத் திங்களில், பம்பாய் மாகாண உள்துறை அமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாயின் ஆணையால் அவர் விடுதலை பெற்றார். 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நாடு விழாக் கொண்டாடிற்று. அந்நாளில் உஷா படுக்கையில் இருந்தார். தலைநகரின் விழாவுக்குச் செல்ல உடல் இடந்தரவில்லை.

அதன்பின் பதவி எதையும் நாடாமல், அவர் மீண்டும் நூலகத்துக்குச் சென்றார். காந்தியடிகளின் அரசியல், சமுதாயக் கருத்துகளை ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற வில்சன் கல்லூரியிலேயே ஆசிரியரானார். முப்பது ஆண்டுகள் கற்பித்தார். பல்கலைக்கழகத்தின் அரசியல் துறைத் தலைவராக உயர்ந்து, 1980இல் ஓய்வு பெற்றார். நூல்கள் எழுதினார். பெண்களுக்கும் மாணவர்களுக்கும் காந்திய நெறியை எடுத்துரைத்தார்.

பம்பாயில் மணிபவனம் என்றோர் இல்லம் உண்டு. 1917 முதல் 1934 வரை காந்தியடிகள் அந்நகருக்கு வரும்போதெல்லாம் தங்கிய வீடு அது. இன்று அது நினைவகம். அதன் தலைமைப் பொறுப்பை உஷா அம்மையார் ஏற்று நடத்தினார். மதுரை மாணவர்களுக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடை பூண்டது நம் மதுரையிலன்றோ? இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பெற்ற காந்தி அருங்காட்சியகத்திற்கு நானும் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். அதுபோன்ற ஓர் இல்லத்தைப் பேணி, வரும் பிள்ளைகளுக்கு வரலாற்றை எடுத்துச் சொல்வதைத் தம் முதுமைத் தொண்டாகக் கொண்டார் உஷா அம்மையார். 1998இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், காய்ச்சலையும் பொருட்படுத்தாது 'வெள்ளையனே வெளியேறு' நினைவு நிகழ்ச்சிக்குச் சென்று வந்தார். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 11ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் அமைதியாக உயிர் துறந்தார்.

இவ்வரலாற்றை வகுப்பில் நான் எடுத்துரைத்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினா விடுத்தாள். "மறைந்திருந்து பேசுவது சரிதானா ஐயா? வதந்தி பரப்புகிறவர்களும் மறைந்திருந்துதானே பேசுகிறார்கள்?" என்றாள். நல்ல வினா. நான் உடனே விடை கூறவில்லை. மறுநாள் கூறுவதாகச் சொன்னேன்.

அவ்வினாவின் ஒரு பாதியைக் காந்தியடிகளே எழுப்பியவர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. சத்தியாக்கிரகத்தில் மறைவுக்கு இடமில்லை என்பது அவர் கொள்கை. 1944இல் சிறையினின்று வெளிவந்தபின், தலைமறைவாயிருந்த தொண்டர்களை வெளிப்படுமாறு அவர் அறிவுறுத்தினார். காந்தியடிகளின் வழி நின்ற உஷா, அடிகள் விரும்பாத முறையொன்றை நெருக்கடியில் கைக்கொண்டார் என்பது உண்மையே. பெரியோர் வாழ்விலும் இத்தகைய சிக்கல்கள் உண்டு என்று அறிதல் மாணவர்க்கு நன்று.

மற்றப் பாதிக்கு விடை கூற, நான் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், விளையாட்டு விழாவுக்கென்று திரட்டிய பணம் காணாமற் போயிற்று. முதல் நாள் மாலை அலுவலக அறைப்பக்கம் ஒரு மாணவனைக் கண்டதாகச் சிலர் கூறினர். நான் விசாரித்துப் பார்க்கவில்லை. காலை வழிபாட்டில் ஒலிபெருக்கி முன் நின்று, பெயர் மட்டும் சொல்லாமல், அவன் இன்னான் என்று யாவரும் அறியுமாறு கண்டித்துப் பேசிவிட்டேன். நான்காம் நாள் பேரேடுகளுக்கு இடையே அப்பணம் அப்படியே இருக்கக் கண்டோம். அதே ஒலிபெருக்கி முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குச் சென்றேன். ஆலைத் தொழிலாளியான அவன் தாய், எனக்கு நாற்காலி போட்டு அமரச் செய்து, பின்வருமாறு கூறினாள்: "சார், நீங்க முதல்ல சொன்னது தெரு முழுக்கக் கேட்டுச்சு. மன்னிப்புக் கேட்டது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நின்னுபோச்சு."

பத்து நாள் கழித்து அப்பையன் வகுப்புக்குத் திரும்பி வந்தான். ஆனால் முன்பெல்லாம் விடை கூறக் கை உயர்த்தும் அவன், அதன்பின் ஒருநாளும் கை உயர்த்தியதாக நான் காணவில்லை. ஒலிபெருக்கி வழியே சென்ற சொல்லைத் திரும்பப் பெறும் கருவி எதுவும் இல்லை என்பதை அன்று கற்றேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் கற்பிக்காத பாடம் அது.

மறுநாள் அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான். உஷா அம்மையார் மறைத்தது இடத்தை, பொறுப்பை அன்று. சொல் மக்களைச் சேரும்வரை இடம் மறைந்திருக்க வேண்டியிருந்தது. அகப்பட்ட பின்னர், தாம் செய்யவில்லை என்று அவர் மறுக்கவில்லை. பிறர் மீது பழியைப் போடவில்லை. தாம் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் நான்காண்டுச் சிறையை விலையாகக் கொடுத்தார். வதந்தி பரப்புகிறவன் மறைப்பது தன் பொறுப்பையே. அவன் சொல்லுக்கு விலை கொடுப்பவன் பிறன். வகுப்பறையில் கை உயர்த்தாமற் போன என் மாணவன் என் சொல்லுக்கு விலை கொடுத்தது போல.

இன்று இவ்வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ளுதல் முன்னினும் இன்றியமையாததாகிறது. 1942இல் ஒலிபரப்புக் கருவி ஒன்றை அமைக்கப் பணம் வேண்டியிருந்தது. நுட்ப வல்லுநர் வேண்டியிருந்தது. உயிரைப் பணயம் வைக்கும் துணிவும் வேண்டியிருந்தது. இன்றோ உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கின்றது. கைப்பேசியில் விரலால் ஒரு முறை தொட்டால், ஒரு செய்தி நொடிப் பொழுதில் ஆயிரம் பேரைச் சென்று அடைகின்றது. அச்செய்தி உண்மையா என்று கேட்பார் சிலர். பொய்யென்று தெரிந்தபின் திரும்பச் சென்று சொல்வார் மிகமிகச் சிலர். கருவி எளிதாகிவிட்டது, பொறுப்பு எளிதாகிவிடவில்லை.

எங்கள் வில்லாபுரத்துத் திண்ணையில் "வானொலியிலேயே சொல்லிவிட்டார்கள்" என்ற ஒரு சொல் வழக்குகளை முடித்துவைத்தது என்று தொடக்கத்தில் கூறினேன். அம்மதிப்பு பெட்டிக்கு உரியதன்று. மரப்பலகையும் கம்பியும் கொண்ட பெட்டிக்கு என்ன மதிப்பு? தாம் சொல்லும் சொல்லுக்குத் தாமே பிணையாக நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த செல்வம் அது. அச்செல்வத்தில் உஷா மேத்தா சேர்த்த பங்கு பெரிது.

திருவள்ளுவர் சொல்வன்மை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு அடுத்த அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள்: வினைத்தூய்மை. சொல்லும் ஆற்றலைக் கூறிய உடனே செயலின் தூய்மையைக் கூறும் இம்முறை வைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு உஷா அம்மையாரின் நினைவே வருகின்றது. அவர் பேசியது 78 நாட்கள். பேசாதிருந்தது ஆறு திங்கள். பேசியதற்கு ஏற்ப வாழ்ந்து காட்டியது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல். மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் நாளை வானொலியிலும் மேடையிலும் பேசுவீர்கள். பேசப் பழகுங்கள். அதற்கு முன், சொல்லப்போவது உண்மையா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.